பள்ளிக்கூடப் பணமும் பாங்கிக் கணக்கும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்திற்கும் இடையே உள்ள தூரம் சுமார் ஏழு மைல். மேற்கே மலைத்தொடர், அதன் அடிவாரத்தில் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும், கீழே கண்மாய்ப் பாசனத்தில் நெல்லும், மேட்டு நிலத்தில் பருத்தியும் விளைகின்றன. ஒன்று ஆண்டாள் கோயிற் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் பேர் பெற்ற ஊர். மற்றொன்று பஞ்சாலைகளாலும், வைத்தியசாலைகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெசவாலும் வளர்ந்த ஊர். இவ்விரண்டையும் சுற்றியுள்ள கிராமங்கள் பலவற்றில் பொது ஜனங்களுக்குச் சொந்தமென்று சொல்லத்தக்க ஸ்தாபனங்கள் இரண்டு இருக்கும். ஒன்று பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடம். மற்றொன்று ஐக்கிய நாணய சங்கம். பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தகப்பனாரே சங்கத்தில் ஷேர் வாங்கிய அங்கத்தினராக இருப்பதும் சகஜம்.

ஆகவே அங்கத்தினர்களின் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பே. பள்ளிக்கூடத்துக்கென்று வருஷந்தோறும் வரும் மான்யப் பணம் தொலைவிலுள்ள பெரிய பாங்கி ஒன்றின் புஸ்தகத்தில் ஏன் இருக்க வேண்டும்? அதே கிராமத்தில், அதே ஜனங்கள் நடத்தும் சங்கத்தில் டிபாஸிட்டாக வைத்தால், பள்ளிக்குத் தேவைப்படும்வரை அது ஒரு குடியானவனுக்கு விதைக்கும் உரத்துக்கும் உதவுமே! கேள்வியில் குற்றமில்லை. ஊர்ப் பணம் ஊரில் சுழலவேண்டும் என்ற எண்ணத்தின் மீதுதான் ஐக்கிய இயக்கமே எழுந்தது. ஆயினும் சட்டம் இதற்கு இடங்கொடுப்பதில்லை. சங்கத்தின் நாணயத்தில் சந்தேகம் வைத்து அவ்வாறு செய்யவில்லை. காரணம் வேறு, அதைச் சற்று விவரமாக அறிந்துகொள்வது சங்கத்துக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது.

கஜானாக் காலம்

சென்னை மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனங்களின் பணம் சர்க்கார் கஜானாவில் இருக்கவேண்டும் என்பது நெடுங்கால வழக்கம். 1871-ம் வருஷத்து லோக்கல் பண்டு சட்டமும், அதன்பின் 1884-லும் 1920-லும் இயற்றப்பட்ட லோக்கல் போர்டு சட்டங்களும், கிராமங்களில் பள்ளிக்கூடம், ரஸ்தா, வைத்தியசாலை ஆகியவற்றை நடத்தும் பொறுப்பைப் போர்டுகளுக்குக் கொடுத்தன. வரியை வசூலிப்பதும் செலவைத் தீர்மானிப்பதும் போர்டின் வேலை; ரொக்கத்தை வைத்திருப்பது கஜானாவின் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகா 1910-ம் வருஷம் வரையில் திருநெல்வேலி ஜில்லாவிலும், பிறகு புதிதாக ஏற்பட்ட இராமநாதபுரம் ஜில்லாவிலும் இருந்தது. ராஜபாளையமும் அன்று அத்தாலூகாவிலேயே சேர்ந்திருந்தது. ஜில்லா மாறிற்றே தவிர ஏற்பாடு மாறவில்லை.

1920-ம் வருஷத்திய சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம் இதில் ஒரு படி மேலே சென்றது. ஸ்தல ஸ்தாபனங்கள் சர்க்கார் அனுமதியின்மேல் கல்வி வரி விதிக்கலாம் என்றும், அவ்வரிக்கு ஈடாகச் சர்க்காரும் தம் பங்கைக் கொடுக்கும் என்றும் அது ஏற்படுத்தியது. கல்விக்கென்று வாங்கிய பணத்தைக் கல்விக்கே செலவிடவேண்டும், ரஸ்தாக் கணக்கில் கலக்கக்கூடாது என்பது இதன் உட்கருத்து. 1934-ல் தாலூகா போர்டுகள் எடுபட்டபோது பள்ளிகள் ஜில்லா போர்டுகளின் கீழ் வந்தன. 1958-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டம் ஜில்லா போர்டுகளுக்குப் பதிலாகப் பஞ்சாயத்து யூனியன்களை ஏற்படுத்தியபோதும், யூனியனின் பொது நிதி வேறு, கல்வி நிதி வேறு என்று பிரித்தே வைத்தது. 1981 ஜூன் மாதம் முதல் யூனியன் பள்ளி உபாத்தியாயர்கள் மாநில சர்க்காரின் ஊழியர்களாயினர். இப்படிப் பள்ளியை நடத்துபவர் பலமுறை மாறியிருக்கின்றனர். பணம் எங்கே இருக்கவேண்டும் என்பதை மட்டும் பள்ளியோ கிராமமோ தீர்மானித்ததில்லை.

கஜானாவில் வைப்பதில் என்ன விசேஷம் என்பது பாங்கிகள் முறிந்த காலங்களில்தான் ஜனங்களுக்கு விளங்கிற்று. 1906-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி பணங்கொடுப்பதை நிறுத்தியது. அது அந்நாளில் எல்லாரும் மதித்த ஸ்தாபனம். உத்தியோகஸ்தர், விதவைகள், மிராசுதார் என்று பலதரத்தாரும் வட்டியை நம்பிப் பணம் போட்டிருந்தார்கள். அதன் முதலாளி தண்டிக்கப்பட்டார். போட்டவர்களுக்குப் போட்டது திரும்பவில்லை. அதன் விளைவாகவே அடுத்த வருஷம் இந்தியன் பாங்கி தோன்றியது. மறுபடி 1938 ஜூன் மாதத்தில், முந்திய வருஷந்தான் இரண்டு பாங்கிகள் சேர்ந்து உண்டான திருவாங்கூர் நாஷனல் அண்டு குயிலான் பாங்கி கதவை மூடிற்று. 1960-ல் பாலை சென்ட்ரல் பாங்கி முறிந்தபின்னரே, டிபாஸிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டுமென்று 1961-ல் சட்டம் பிறந்தது. 1962-ல் தலைக்கு 1,500 ரூபாயாக ஆரம்பித்த அந்தக் காப்பு, படிப்படியாக உயர்ந்து 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாயாயிற்று. ஒரு தனி மனிதன் தன் பணத்தை இழந்தால் அவன் குடும்பம் கஷ்டப்படும். பள்ளியின் பணம் இழக்கப்பட்டால், அதைப் போட்டவர் இன்னார் என்று முறையிட ஒருவரும் இல்லாமலே முந்நூறு பிள்ளைகள் ஒழுகும் கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள்.

டிபாஸிட்டு என்பது என்ன

பாங்கியில் போட்ட பணம் பெட்டியில் வைத்த பணமன்று. போட்டவர் பாங்கிக்குக் கடன் கொடுத்திருக்கிறார். பாங்கி அக்கடனை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறது. நாணய சங்கமும் இந்த விஷயத்தில் பாங்கியைப் போன்றதே. வித்தியாசம், அப்பணம் எத்தனை நாளில் திரும்பிவரும் என்பதில் இருக்கிறது.

மலையடிவாரத்து சங்கம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்து ஐப்பசியில் நடவுக்குக் கடன் கொடுக்கப்படுகிறது. அறுவடை தை, மாசியில். கண்மாய் நிரம்பாத வருஷத்தில் தவணை நீடிக்கப்படும். நீடிக்காமலிருப்பது ஐக்கிய தர்மமுமன்று. ஆனால் பள்ளிக்கூடம் ஜூன் மாதத்தில் திறக்கிறது. ஓடு மாற்றுவது, கக்கூஸைச் செப்பனிடுவது, தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது எல்லாம் அதற்கு முன்னர் சித்திரை வைகாசியில் நடந்தாகவேண்டும். அம்மாதங்களில்தான் சங்கத்தின் கையில் ரொக்கம் குறைவாகவும், அங்கத்தினர் வீட்டில் கலியாணச் செலவு அதிகமாகவும் இருக்கும். சங்கத்து நிர்வாகிகள் எவ்வளவு யோக்கியர்களாயிருந்தாலும், பயிரில் போட்ட பணத்தைப் பயிர் விளையுமுன் எடுக்க முடியாது. 1915-ல் மக்லகன் கமிட்டியார் ஐக்கிய பாங்கிகளைப் பற்றி எழுதிய அறிக்கையில், கேட்டவுடன் கொடுப்பதற்கான ரொக்க இருப்பை எப்போதும் ஒதுக்கி வைக்கவேண்டுமென்று வற்புறுத்தியதன் காரணமும் இதுவே. அந்த ஒதுக்கு அதிகமாக இருந்தால் சங்கத்துக்கு லாபமில்லை. குறைவாக இருந்தால் டிபாஸிட்தாரருக்குப் பத்திரமில்லை. பள்ளியைப் போன்ற, ஒரே சமயத்தில் முழுத்தொகையையும் கேட்கக்கூடிய டிபாஸிட்தாரர் சிறு சங்கத்திற்கு உதவியைவிடத் தொந்தரவாகவே முடிவார்.

சட்டமும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறது. 1949-ம் வருஷத்துப் பாங்கிகள் ஒழுங்குச் சட்டம் 1966 மார்ச்சு முதல் ஐக்கிய பாங்கிகளுக்கும் அமலுக்கு வந்தது. கிராமத்துத் தொடக்க விவசாயக் கடன் சங்கங்களுக்கு மட்டும் அது விலக்குக் கொடுத்தது. அந்த விலக்கினால் சங்கங்களுக்கு ரிசர்வ் பாங்கியின் லைசென்ஸும் கட்டுப்பாடும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் விலக்குக்கு ஒரு விலையும் உண்டு. 2020-ம் வருஷத்துத் திருத்தம் அவ்விலையைத் தெளிவாக்கியது: அத்தகைய சங்கம் தன் பெயரிலோ தொழிலிலோ ‘பாங்கி’ என்ற சொல்லை உபயோகிக்கலாகாது, தன்மேல் செக்கு எழுதவும் இடங்கொடுக்கலாகாது. டிபாஸிட் இன்ஷூரன்ஸும் இச்சங்கங்களுக்கு இல்லை. செக்கு எழுத முடியாத, காப்பு இல்லாத இடத்தில் பொதுப் பணத்தை வைக்கும்படி எந்தச் சர்க்காரும் சொல்லத் துணியாது.

ஜில்லா மத்திய ஐக்கிய பாங்கியும் நகர ஐக்கிய பாங்கிகளும் வேறு வகுப்பைச் சேர்ந்தவை. அவை ரிசர்வ் பாங்கியின் லைசென்ஸின் கீழ் நடக்கின்றன; 5 லட்சம் ரூபாய் வரையில் இன்ஷூரன்ஸும் அவற்றுக்கு உண்டு. ஆயினும் லைசென்ஸ் ஒன்றே போதுமென்று எண்ணுவோர் 2019 செப்டம்பரில் பம்பாயில் நடந்ததை நினைவில் வைக்கவேண்டும். பஞ்சாப் அண்டு மகாராஷ்டிரா ஐக்கிய பாங்கியை ரிசர்வ் பாங்கி கட்டுப்பாட்டில் வைத்தபோது, கணக்கு வைத்திருந்தவர்கள் முதலில் 1,000 ரூபாய்க்குமேல் எடுக்க முடியாதிருந்தது. ஐக்கிய பாங்கி மட்டுமே இவ்வாறு கஷ்டப்படும் என்பதுமில்லை. 2020 மார்ச்சில் எஸ் பாங்கி என்னும் பெரிய வியாபார பாங்கிக்கும் 50,000 ரூபாய் என்ற தடை விதிக்கப்பட்டது. இன்னொன்றும் அறியத்தக்கது. மத்திய, மாநில சர்க்கார்களின் டிபாஸிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் பொருந்தாது. ஆகையால் சர்க்கார் பணத்துக்குப் பாங்கியைத் தேர்ந்தெடுப்பதிலேயே முழு ஜாக்கிரதையும் வேண்டியிருக்கிறது.

உடன்படிக்கை செய்வோர் யார்

சர்க்கார் பணம் எந்தப் பாங்கியில் இருக்கலாம் என்பதற்கு அடிப்படை 1934-ம் வருஷத்து ரிசர்வ் பாங்கிச் சட்டம். அதன் 21-ஏ பிரிவின்படி மாநில சர்க்கார் ரிசர்வ் பாங்கியோடு உடன்படிக்கை செய்துகொண்டு தன் ரொக்கத்தையும் கொடுக்கல் வாங்கலையும் அதனிடம் ஒப்படைக்கிறது. ரிசர்வ் பாங்கி 45-ம் பிரிவின்படி மற்ற பாங்கிகளைத் தன் ஏஜெண்டுகளாக நியமிக்கிறது. முன்னாளில் இந்த ஸ்தானம் சென்னை பாங்கியிடமும், 1921 முதல் இம்பீரியல் பாங்கியிடமும் இருந்தது. 1955-ல் இம்பீரியல் பாங்கி ஸ்டேட் பாங்கியாக மாறியது. பிற்காலத்தில் மற்ற தேசிய பாங்கிகளும், சில தனியார் பாங்கிகளும் இதில் சேர்ந்தன.

கிராமப் பள்ளிக்கு வரும் மான்யம் பெரும்பாலும் 2018-ல் தொடங்கிய சமக்ர சிக்ஷா என்னும் கல்வித் திட்டத்தின் வழியாக வருவது. முதலில் ஒவ்வொரு பள்ளியின் பெற்றோர் கமிட்டிக்கும் அருகிலுள்ள பாங்கிக் கிளையில் தனிக் கணக்கு இருந்தது. பணம் வந்து அக்கணக்கில் தங்கிற்று. ஒரு பள்ளியில் தங்குவது சொற்பமே. தேசமெங்குமுள்ள பள்ளிகளின் கணக்குகளில் தங்குவது பெருந்தொகை. ஒருபுறம் சர்க்கார் வட்டிக்குக் கடன் வாங்க, மறுபுறம் சர்க்காரின் பணமே செலவாகாமல் கிளைகளில் தூங்குவதாயிருந்தது. இதை மாற்றுவதற்காக 2021 மார்ச்சு 23-ந் தேதி மத்திய நிதி இலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தது. அவ்வருஷம் ஜூலை முதல், மத்திய சர்க்கார் உதவிபெறும் ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே ஏஜென்ஸி இருக்கவேண்டும். மாநில சர்க்காரின் காரியங்களை நடத்த அனுமதி பெற்ற ஷெட்யூல் வியாபார பாங்கி ஒன்றில் அந்த ஏஜென்ஸிக்கு ஒரே கணக்கு இருக்கவேண்டும். கீழேயுள்ள ஸ்தாபனங்களுக்கு இருப்பில்லாத கிளைக்கணக்குகளே போதும் என்பது அதன் சாரம். வட்டியும் பள்ளிக்குச் சேராது. மத்திய, மாநில சர்க்கார்களின் தொகுப்பு நிதிகளுக்கே அவரவர் பங்கின்படி போகவேண்டும். 2023-ல் இதற்கும் ஒரு படி மேலாக, தெரிந்தெடுத்த திட்டங்களில் பணத்தை வேண்டும்பொழுது மட்டும் ரிசர்வ் பாங்கியிலிருந்தே நேரே விடுவிக்கும் முறையும் ஆரம்பிக்கப்பட்டது.

‘வியாபார பாங்கி’ என்ற சொல்லை அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டும். அந்த ஒரு சொல்லினால், கிராம சங்கம் மட்டுமன்றி லைசென்ஸ் பெற்ற நகர ஐக்கிய பாங்கியும் ஜில்லா மத்திய பாங்கியும்கூட விலகிவிடுகின்றன. இது சற்றுக் கடுமையான ஏற்பாடென்று சொல்வதில் தவறில்லை. நன்றாக நடக்கும் மத்திய பாங்கிக்கும் மோசமாக நடப்பதற்கும் வித்தியாசம் பாராமல் வகுத்த விதி அது. ஆனால் ஒரு திட்டத்துக்கு ஒரே கணக்கென்று ஆனபின், அக்கணக்கு மாநிலம் முழுவதற்கும் கிளைகளையும் மின்கணக்கு வசதியையும் கொண்ட பாங்கியில்தான் இருக்கமுடியும்.

இருப்பில்லாத கணக்கு என்பது கிராமத்தில் வீண் சந்தேகத்தைக் கிளப்பக்கூடியது. மாம்சாபுரத்தை அடுத்த ஒரு கிராமத்துப் பள்ளியில், பிள்ளையின் தாய் ஒருத்தி கமிட்டித் தலைவியாயிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு 50,000 ரூபாய் அனுமதியாகியிருப்பதாகத் தலைமை உபாத்தியாயர் கூட்டத்தில் சொல்கிறார். பாஸ் புஸ்தகத்தை வாங்கிப் பார்த்தால் இருப்பு பூஜ்யம். பணம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, வரவேயில்லை. 50,000 என்பது அப்பள்ளி செலவு செய்வதற்கு மேலேயுள்ள ஒரே கணக்கின்மேல் கொடுக்கப்பட்ட எல்லை. ஓட்டு வியாபாரிக்கு 12,000 ரூபாய் கொடுக்கவேண்டுமானால், பொது நிதி மேலாண்மை முறை என்னும் மின்கணக்கில் அது பதிவாகி, அங்கீகரிக்கப்பட்டவுடன், மேற்கணக்கிலிருந்து 12,000 ரூபாய் கிளைக்கணக்கு வழியாக வியாபாரியின் கணக்குக்குப் போய்விடுகிறது. எல்லை 38,000 ஆகக் குறைகிறது. பாஸ் புஸ்தகம் மறுபடியும் பூஜ்யத்தையே காட்டும். நாணய சங்கத்தில் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் நிர்ணயிக்கும் கடன் எல்லையை அறிந்தவர்களுக்கு இது புதிய விஷயமன்று. ஆகையால் தலைவி கேட்கவேண்டியது ‘இருப்பு எவ்வளவு’ என்றன்று. ‘எல்லை எவ்வளவு, அதில் எவ்வளவு எடுத்தாயிற்று, யாருக்கு’ என்றே.

இவ்வேற்பாட்டில் ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. பணம் மேலே ஓரிடத்திலேயே இருப்பதால், மேலே ஏற்படும் தடை ஒவ்வொரு பள்ளியையும் ஒரே நாளில் தாக்கும். 2024-25-ல், பி.எம். ஸ்ரீ பள்ளிகளைப் பற்றிய உடன்படிக்கையில் மத்திய, மாநில சர்க்கார்களுக்குள் ஏற்பட்ட அபிப்பிராய பேதத்தால் தமிழ்நாட்டுக்குச் சமக்ர சிக்ஷாவின் மத்தியப் பங்கு வராமல் நின்றது. 2025 மே மாதத்தில் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. கிராமத்தில் சொந்த நிதியில்லாத பள்ளி அத்தகைய காலங்களில் மேற்கே மழைமேகம் பார்ப்பதுபோல் சென்னையையும் டில்லியையும் பார்த்திருக்கவேண்டியதுதான்.

பிற தேசத்து வழக்கம்

பள்ளியே தன் பாங்கியைத் தெரிந்தெடுக்கும் தேசமும் உண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்தில் பள்ளி ஜில்லா என்பது தனி ஸ்தாபனம்; அதற்குத் தேர்தலில் வந்த தர்மகர்த்தர்களும் சொந்தச் சொத்து வரியும் உண்டு. வரி சொந்தமாதலால் பாங்கியோடு உடன்படிக்கை செய்யும் அதிகாரமும் அதற்கே. ஆனால் அந்த அதிகாரத்தை ராஜ்யத்தின் கல்விச் சட்டம் தன்னிஷ்டத்துக்கு விடவில்லை. பாங்கிகளிடமிருந்து டெண்டர் அல்லது பிரேரணை வாங்கவேண்டும். உடன்படிக்கை இரண்டு வருஷத்துக்கே, பின்னர் வரம்புக்குள் நீடிக்கலாம். அத்தேசத்து டிபாஸிட் இன்ஷூரன்ஸ் 2,50,000 டாலருக்கு மேல் காப்பளிக்காததால், அதற்கு மேற்பட்ட பள்ளிப் பணத்துக்குப் பாங்கி தன் கடன்பத்திரங்களை ஈடாக வைக்கவேண்டும்.

அச்சட்டத்தின் மற்றொரு ஷரத்து ஐக்கிய சங்கத்தாருக்கு மிகப் பழக்கமானது. தர்மகர்த்தர்களில் ஒருவர் டெண்டர் கொடுத்த பாங்கியில் பங்குதாரராகவோ உத்தியோகஸ்தராகவோ இருந்தால், அதனால் அந்தப் பாங்கி தள்ளப்படுவதில்லை. அந்தத் தர்மகர்த்தர்தான் அவ்விஷயத்தில் ஓட்டுக் கொடுக்காமல் விலகியிருக்கவேண்டும். தன் கடன் மனு விசாரணைக்கு வரும்போது பஞ்சாயத்தார் எழுந்து வெளியே போகும் நாணய சங்கத்து வழக்கத்தின் நியாயமும் இதுவே. ராஜபாளையத்துப் பக்கத்துக் கிராமமொன்றில் சங்கத்துக் காரியதரிசியே பள்ளிக் கமிட்டியிலும் இருப்பது அபூர்வமாகாது. பெற்றோர் திரட்டிய பணத்தைச் சங்கத்தில் வைக்கலாமா என்ற பேச்சு வந்தால், தீர்மானம் ஆகும்வரை அவர் வாய் திறவாதிருப்பது சங்கத்தின் பேரையும் காப்பாற்றும்.

கிராமத்தார் கையில் உள்ளது

பாங்கியைத் தெரிந்தெடுக்கும் உரிமை கிராமத்துக்கு இல்லையென்றால், சட்டம் அதற்கு விட்டுவைத்தது என்ன? சொற்பமன்று. 2009-ம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 21-ம் பிரிவு ஒவ்வொரு சர்க்கார் பள்ளிக்கும் நிர்வாகக் கமிட்டி ஏற்படுத்தியது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது போஷகர். பாதிப் பேர் ஸ்திரீகள். மான்யம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பது கமிட்டியின் வேலை என்று சட்டமே சொல்கிறது. 2010-ல் வெளியான மாதிரி விதிகள் இதை இன்னும் விவரித்தன. கமிட்டித் தலைவர் பெற்றோரிலிருந்தே வரவேண்டும். தலைமை உபாத்தியாயர் கூட்டம் கூட்டுபவர். மாதம் ஒருமுறையேனும் கூடி, நடவடிக்கையை எழுதி, பொது ஜனங்கள் பார்க்கும்படி வைக்கவேண்டும். கமிட்டிக்கு வரும் பணம் தனிக் கணக்கில் இருந்து வருஷந்தோறும் ஆடிட்டுக்கு உட்படவேண்டும். கணக்கில் தலைவரும் கூட்டுபவரும் கையெழுத்திட்டு, தயாரான ஒரு மாதத்துக்குள் ஸ்தல ஸ்தாபனத்துக்குக் கொடுக்கவேண்டும்.

இவற்றில் எது நடக்கிறது, எது காகிதத்தில் நிற்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பாங்கி முறிந்து பள்ளிப் பணம் போவது அபூர்வம். வாங்காத பெயிண்டுக்கு ரசீது வருவது அவ்வளவு அபூர்வமன்று. முன்னதைத் தடுக்க ரிசர்வ் பாங்கியும் நிதி இலாகாவும் இருக்கின்றன. பின்னதைத் தடுக்கக் கமிட்டியிலுள்ள பெற்றோரைத் தவிர வேறு யாரும் சமீபத்தில் இல்லை. படித்துப் பாராமல் போட்ட கையெழுத்து சங்கத்துப் புஸ்தகத்தில் எவ்வளவு நஷ்டத்தை உண்டாக்கும் என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். பள்ளிப் புஸ்தகத்திலும் அவ்வளவே.

தொகை அற்பமென்று அலட்சியம் செய்வதற்கில்லை. 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு வகுத்த அளவின்படி, 30 பிள்ளைகள் வரையுள்ள பள்ளிக்கு வருஷம் 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்கையேனும் சுகாதாரத்துக்குச் செலவிடவேண்டும். முப்பது பிள்ளைகளுள்ள பள்ளிக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு 1,000 ரூபாய். வருஷம் முழுவதும் கக்கூஸைச் சுத்தம் செய்ய அது காணுமா காணாதா என்பதை எந்தத் தாயும் சொல்லிவிடுவாள். அதனால்தான் நிதி வருஷம் முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே கமிட்டி பள்ளி அபிவிருத்தித் திட்டத்தை எழுதி முடிக்கவேண்டுமென்று மாதிரி விதிகள் கூறின. தேவை இன்னதென்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்காத கிராமத்தின் தேவை மேலேயுள்ளவர்களுக்குத் தெரியப்போவதில்லை.

மான்யம் நீங்கலாக, ஊரார் தாமாகத் திரட்டும் பணமும் உண்டு. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கிராமத்தார் நிலமாகவும் ஓடாகவும் பெஞ்சாகவும் ரொக்கமாகவும் கொடுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அவ்வகைப் பணத்துக்கு 2021-ம் வருஷத்து உத்தரவு பொருந்தாது. அதை எங்கே வைப்பது என்பதில் ஊராருக்கு அதிகச் சுதந்திரம் உண்டு. அதற்கும் லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் உள்ள பாங்கி, அது ஐக்கிய பாங்கியாயிருந்தாலும் சரி, 5 லட்சத்துக்கு உட்பட்ட தொகையாயின் போதிய பத்திரமானது. கிராம சங்கத்தில் வைப்பதாயின், கேட்டவுடன் எடுக்கவேண்டாத தொகையை மட்டும், காப்பில்லை என்பதை எல்லாரும் அறிந்து எழுதி வைத்துக்கொண்டு வைப்பதே முறை.

சங்கம் பள்ளியிடமிருந்து பணம் வாங்குவதற்குத்தான் தடை. பள்ளிக்குக் கொடுப்பதற்குத் தடையில்லை. 1912-ம் வருஷத்து ஐக்கிய சங்கங்கள் சட்டத்தின் 34-ம் பிரிவு, லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேம நிதிக்கு ஒதுக்கியபின், மீதியில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாமல் தர்ம காரியங்களுக்குக் கொடுக்க ரிஜிஸ்திரார் அனுமதியோடு இடங்கொடுத்தது. 1890-ம் வருஷத்து தர்ம நிதிச் சட்டம் தர்மமென்று சொன்னவற்றில் கல்வியும் ஒன்று. அதன்பின் சட்டங்கள் பலமுறை மாறியிருப்பதால், லாபப் பங்கீட்டைப் பற்றித் தம் சங்கத்து உபவிதி இப்போது என்ன சொல்கிறது என்பதை அங்கத்தினர்கள் காரியதரிசியிடம் கேட்டறியலாம். வருஷாந்திர மகாசபையில் லாபப் பங்கீடு எடுத்துக்கொள்ளப்படும்போது கேட்பதே சௌகரியம். அதன்பிறகு கேட்டால் அடுத்த வருஷந்தான்.